மார்த்தாவின் இறால் ஜாடி

பொறையாறு தாண்டியதும் பஸ் நின்றுபோனது. பத்து நிமிஷம் என்றார் கண்டக்டர். எங்கள் பக்கத்துப் பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாதா? பெட்டியை இறக்கிப் புளியமரத்தடியில் போட்டு அதன்மேல் மார்த்தாவை உட்காரவைத்தேன். ஒன்பது வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்து வேடிக்கை பார்ப்பது நம் பஸ்களுக்குக் கைவந்த கலை.

மார்த்தா என் மனைவி. எல் சால்வடோர் நாட்டுக்காரி. மத்திய அமெரிக்காவில், பசிபிக் கடலோரத்தில், நம் தஞ்சாவூர் ஜில்லா இரண்டை ஒட்டவைத்த அளவுக்கு ஒரு சின்ன நாடு அது. அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டபோது உயிர் தப்பிப் பாரீசுக்கு வந்தவள். நானோ, காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போனபோது அப்பா எழுதிவைத்த பிரெஞ்சுக் குடியுரிமையின் புண்ணியத்தில் அதே ஊரில் ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டுகிறவன். முதலில் இருவரும் அரைகுறை பிரெஞ்சில் பேசிக்கொண்டோம். பிறகு நான் அவளுடைய ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டேன். அவள் தமிழைக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை என்பதுதான் உண்மை.

அவள் நிறமும் கூந்தலும் அசல் நம் ஊர்ப் பெண்களுடையவை. மரத்தடிக்கு வந்த ஒரு மீன்கார அம்மாள் அவளிடம், "பாப்பாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். மார்த்தா சிரித்தாள். மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தாள். வாய் பேசாத பெண் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி இரக்கப்பட்டு, மடியிலிருந்து ஒரு வெள்ளரிப் பிஞ்சை எடுத்து மார்த்தா கையில் திணித்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். மார்த்தா பிஞ்சைக் கடித்துக்கொண்டே, "பாரீசிலும் உன் ஊர்க்காரர்கள் என்னிடம் தமிழில்தான் பேசுகிறார்கள். உலகம் முழுக்க நான் ஊமைதான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்த காரியத்தைச் சொல்லவில்லையே. அக்கா மகள் ஸ்டெல்லாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது பிலோமினா அக்காதான். கேட்காமல் கொள்ளாமல் நான் மார்த்தாவைக் கட்டிக்கொண்டதில் நான்கு வருஷம் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போதுதான் ஒரு கடிதம் வந்தது. தாய்மாமன் இல்லாமல் நிச்சயம் நன்றாக இருக்காது, வா என்று இருந்தது. மார்த்தாவின் பேர் அதில் இல்லை. இவளையும் அழைக்கிறார்கள் என்று நானே ஒரு வரி சேர்த்துப் படித்துக் காட்டிக் கூட்டிவந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் அக்கா வீட்டு வாசலில் இறங்கினோம். "வாங்க மாப்ள" என்று அத்தான் பெட்டியை வாங்கிக்கொண்டார். அக்கா மார்த்தாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு என்னிடம், "கை கால் கழுவிட்டு சாப்பிடச் சொல்லு" என்றாள்.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். குழம்பு போதுமா கேளு, வெயில்ல நிக்க வேணாம்னு சொல்லு, தலைக்கு எண்ணெய் வைக்குமான்னு கேளு. நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கிற இரண்டு பெண்களுக்கு நடுவில் நான் தந்தி ஆபீஸ் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லாவுக்குக் கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் தப்பாகிவிடுமோ என்று அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. நல்ல சாப்பாடு, மெத்தென்ற பாய், சுற்றிலும் சொந்தம். அத்தனைக்கும் நடுவில் மார்த்தா தனியாக இருந்தாள். அவளுக்கும் அக்காவுக்கும் பதில் சொல்லிச் சொல்லி, எனக்கென்று ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் நானும் தனியாகத்தான் இருந்தேன்.

புதன்கிழமை அக்கா இறால் வறுத்திருந்தாள். மார்த்தா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் ஊரும் துறைமுகப் பட்டினம்தான். அவள் அம்மா எலேனா, படகு வந்து நிற்கும் இடத்திலேயே ஒரு மேஜை போட்டு செவிச்சே விற்றவர். செவிச்சே என்றால், பச்சை இறாலை உரித்து எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு, வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, புதினா எல்லாம் பொடியாக அரிந்து சேர்த்து, கண்ணாடித் தம்ளரில் உப்பு பிஸ்கட்டோடு கொடுப்பது. சண்டை வந்தபோது மகளைக் கப்பலேற்றிவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் அங்கேயே தங்கிவிட்டார். ஐந்து வருஷமாகக் கடிதம் மட்டும்தான்.

நிச்சயத்தன்று விருந்துக்கு அதை நான் செய்கிறேன் என்றாள் மார்த்தா. மொழிபெயர்த்தேன். அக்கா திகைத்துப்போனாள்.

"பச்ச எறாலயா? சம்மந்தி வூட்டுக்காரங்களுக்கா? கல்யாணமே நின்னுபோயிடும்டா."

அப்புறம் மார்த்தா முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, சனிக்கிழமை நம் வீட்டுக்கு மட்டும் செய்யட்டும், வாயில் வைக்கிற மாதிரி இருந்தால் பார்க்கலாம் என்று இறங்கிவந்தாள்.

வியாழக்கிழமை சாமான் தேடிக் கிளம்பினேன். புதினா அக்கா வீட்டுத் துணி துவைக்கிற கல்லோரமே மண்டிக் கிடந்தது. எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. கறுப்பு சாஸ் ஒன்று வேண்டும், இங்கிலீஷ்காரன் சாஸ் என்று தங்கள் ஊரில் சொல்வார்கள், அது இல்லாவிட்டால் செவிச்சே இல்லை என்று மார்த்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். காரைக்கால் கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் சோயா சாஸைக் காட்டினார். இன்னொருவர் இருமல் மருந்தா என்று கேட்டார். கடைசியில் திருமலைராயன்பட்டினத்தில், சிங்கப்பூர்ச் சாமான் விற்கிற ஒரு மரைக்காயர் கடையில் விஷயம் புரிந்தது. "நம்ம மச்சான் கொண்டாந்தது வூட்டுல ஒண்ணு கெடக்கு. எதுல ஊத்துறதுன்னு யாருக்கும் தெரியல" என்று ஆள் அனுப்பி எடுத்துவரச் சொன்னார். பாட்டிலில் தூசி படிந்திருந்தது. விலை வாங்க மறுத்துவிட்டார். திரும்பும்போது பஸ் கிடைக்காமல் உப்பு மூட்டை ஏற்றிய லாரியில் ஏறி வந்தேன். பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த எனக்குப் பெரிய சாதனை செய்த நினைப்பு.

தெருமுனையில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, சவரிமுத்து என்பவர் தங்கியிருக்கும் வீடு எது என்று என்னிடமே கேட்டார். நான்தான் என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு, இங்கிலீஷ் இல்லையே, என்ன சார் விசேஷமா என்று விசாரித்தார். பாரீசில் எங்கள் பக்கத்து வீட்டு நண்பர் பிரெஞ்சில் கொடுத்திருந்த தந்தி அது. மார்த்தாவின் தாய் இறந்துவிட்டார், மெதுவாகச் சொல்லவும் என்று இருந்தது.

"ஆமாங்க, விசேஷந்தான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தந்தியை நாலாக மடித்துக் கடிகாரப் பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நிச்சயம் வைத்த வீட்டில் சாவுச் செய்தியைச் சொன்னால் எல்லாம் நின்றுவிடும். ஸ்டெல்லாவுக்கு இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாகக் கூடிவந்த சம்பந்தம் இது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. அக்கா ஒன்றையும் நிறுத்தாமல், அது யாரோ எங்கேயோ, அதுக்கும் நமக்கும் என்ன என்று சொல்லிவிட்டால்? அதை நான் மார்த்தாவுக்கு மொழிபெயர்க்க வேண்டுமே. அந்தப் பயம்தான் பெரிது.

வீட்டுக்குள் போனேன். ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மார்த்தா ஸ்டெல்லாவுக்குத் தன் ஊர் ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். காரைக்கால் வந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சாஸ் பாட்டிலைக் கண்டதும் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள், எனக்கும் ஒன்று. அத்தான் வெட்கப்பட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மார்த்தா அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஆறு பக்கம். உறையில் ஒரு புதினா இலையையும் வைத்து ஒட்டி, போஸ்ட் செய்யச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தபாலாபீஸ் வாசலில் வெகு நேரம் நின்றேன். போடாமல் வைத்துக்கொண்டால் அது இன்னொரு பொய். போட்டால் அது என்ன என்று எனக்கே தெரியவில்லை. தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அன்று முழுக்க ஒரு வாய் சாதம் இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு மொழியிலும் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் மார்த்தாவைக் கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். படகுகள் அப்போதுதான் வந்திருந்தன. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடந்தாள். ஏலம் விடுகிற சத்தம், வலை நாற்றம், காக்கை எல்லாம் தன் ஊரேதான் என்றாள். கூடைக்கார அம்மாள்களோடு விரலைக் காட்டியே பேரம் பேசி ஜெயித்தாள். என்னைக் கூப்பிடவே இல்லை. ஐஸ் உடைத்துப்போட்ட பையில் இறாலை வாங்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் திரும்பினோம்.

அக்கா நீட்டிய அலுமினியப் பாத்திரம் புளிப்புக்கு ஆகாது என்று மார்த்தா தள்ளினாள். பித்தளையையும் தள்ளினாள். கடைசியில் ஊறுகாய் ஜாடி ஒன்று காலியாக இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி, உரித்த இறாலைப் போட்டு, உப்பைத் தூவி, நாற்பது பழத்தைப் பிழிந்து ஊற்றினாள். ஸ்டெல்லா வெங்காயம் அரிந்தாள். கண்ணாடி மாதிரி இருந்த இறால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, பிறகு சிவந்துவந்தது. அக்கா முறுக்குக்கு எண்ணெய் காயவைத்துவிட்டு வந்து ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். "வெந்த மாதிரியே இருக்கு பாரேன்" என்று முதல் தடவையாக மார்த்தாவிடமே நேராகச் சொன்னாள். மார்த்தாவுக்கு அர்த்தம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

கறுப்பு சாஸை ஊற்றிக் கிளறி ஒரு கரண்டி சுவைத்துப் பார்த்தாள் மார்த்தா. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஜாடியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து காமிராவை எடுத்துவரச் சொன்னாள். "ஒரு படம் எடு. அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். இறால் இங்கே சின்னது, ஆனால் இனிப்பு என்று பின்னால் எழுதிவிடுகிறேன்."

காமிராவைக் கண்ணில் வைத்தேன். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். விரல் அழுந்தவில்லை. காமிராவை இறக்கிவிட்டு அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, இவ அம்மா செத்துட்டாங்கக்கா" என்றேன். தமிழில்தான் சொன்னேன். தாய் செத்த செய்தியை மகளை எதிரே நிற்கவைத்துக்கொண்டு அவளுக்குத் தெரியாத பாஷையில் வேறு ஆளிடம் சொன்னவன் நான்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"வியாழக்கெழம தந்தி வந்துச்சு. நாளைக்கு விசேஷம் கெட்டுடுமேன்னு..."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அடியே வாங்கியிருக்கலாம். அடுப்படிக்குப் போய் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் ஊற்றினாள். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. புகை கூடத்துக்கு வந்தது.

அத்தான் மெதுவாகக் கேட்டார். "நமக்குத் துக்கம் உண்டா பிலோமி? எங்கேயோ உள்ளவங்க..."

நான் எதற்குப் பயந்தேனோ அதே கேள்வி.

"அம்மா இருந்தா அவங்களுக்குச் சம்மந்தி. அம்மா இல்ல, அப்ப எனக்குத்தான் சம்மந்தி. எஞ் சம்மந்தி செத்துருக்கா, நான் முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கவா? பஸ்ஸப் புடிச்சு மாப்ள வூட்டுக்குப் போயி, நாளைக்கு இல்லன்னு சொல்லிட்டு வாங்க."

மார்த்தா அணைந்த அடுப்பையும் அழுகிற அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னைக் கேட்கவில்லை. ஸ்டெல்லாவைப் பிரெஞ்சில் கேட்டாள், என்ன நடந்தது என்று. அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நாங்கள் வந்ததிலிருந்து தப்பு வந்துவிடும் என்று வாயே திறக்காத பெண், இலக்கணம் பிசகாமல் சொன்னது: "அத்தை, உங்கள் தாயார் இறந்துவிட்டார்."

மார்த்தா ஜாடியைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள். தந்தியை எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். தேதியை இன்னொரு தடவை படித்தாள்.

"நான் ஆடிக்கொண்டிருந்தபோது இது உன் பையில் இருந்ததா?"

"ஆமாம்."

"கடிதம்?"

"போஸ்ட் பண்ணிவிட்டேன்."

அதற்கப்புறம்தான் அழுதாள். நான் ஓரடி முன்னால் வைத்தேன். அதற்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். தான் கண்ணால் பார்த்திராத ஒருத்திக்காகக் குரலெடுத்து அழுதாள் அக்கா. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததில் மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

தெரு கூடிவிட்டது. எதிர்வீட்டில் இருக்கிற வேறொரு மரைக்காயரின் வீட்டம்மா இடியாப்பமும் காபியும் கொண்டுவந்து வைத்தார். பெண்கள் பாய் விரித்து ஜெபமாலை சொன்னார்கள். முதல் பாதியை அவர்கள் தமிழில் சொல்ல, மறுபாதியை மார்த்தா ஸ்பானிய மொழியில் சொன்னாள். சரியான இடத்தில் சேர்ந்துகொண்டாள், சரியான இடத்தில் நிறுத்தினாள். நான் வாசலில் ஆண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டில் கவிச்சி ஆகாது, ஜாடியை எடுத்துக் கொட்டிவிடுங்கள் என்று ஒரு வயதான அம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

"அவ அம்மா கைப்பக்குவம் அது. இத மட்டும் கொட்டச் சொல்லாதீங்க" என்றாள் அக்கா.

மார்த்தா எழுந்தாள். தன் ஊரில் சாவுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டார்கள் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னாள். ஸ்டெல்லா அதை எல்லோருக்கும் சொன்னது. இருந்த தம்ளர், கிண்ணம், டபரா எல்லாவற்றிலும் மார்த்தா தன் கையாலேயே அள்ளிப் போட்டாள். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முதல் வாய் சாப்பிட்டாள். பிறகு கண்ணைத் திறந்து இன்னொரு வாய். வேண்டாம் என்ற அம்மாளும் வாங்கிக்கொண்டார். வாசலில் இருந்த ஆண்களுக்கும் மார்த்தாவே கொண்டுவந்து கொடுத்தாள். என் தம்ளரை மட்டும் ஸ்டெல்லா கொண்டுவந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், தட்டும் பூவும் இல்லாமல், துக்கம் கேட்க. மாப்பிள்ளையின் அம்மா மார்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்கள். எதற்காக நான் இரண்டு நாள் பொய் சொன்னேனோ, அது கடைசியில் இவ்வளவுதான்.

அந்த வாரம் மார்த்தா என்னோடு சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். லீவு முடிந்து கிளம்புகிற நாளில், அவள் பெட்டி மூடாமலே கிடந்தது. வரவில்லையா என்றேன்.

"முப்பது முடிந்ததும் வருகிறேன். உனக்கு அம்மா வியாழக்கிழமை இறந்தார். எனக்குச் சனிக்கிழமை, இந்த வீட்டில். நான் இங்கேதான் இருக்க வேண்டும்."

பஸ் ஸ்டாண்டுக்கு அக்காவும் அவளும் வந்தார்கள். அக்கா புளிச்சாதப் பொட்டலத்தைக் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்றாள். மார்த்தா ஜன்னல் கம்பியில் இருந்த என் கையை ஒரு தடவை தொட்டாள். அன்றைக்கென்று பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

பாரீசில் நாட்களை எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை, தெருவே போகும் என்று ஸ்டெல்லா எழுதியிருந்தது. எனக்கு முப்பது அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஆபீசில் அரைநாள் கேட்டுக்கொண்டு, பாரீசில் எங்கள் பேட்டையில் இருக்கிற கோயிலுக்குப் போய் எலேனா என்ற பேருக்கு ஒரு பூசை கேட்டேன். சாமியார் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வாசலைப் பார்த்தார். குடும்பத்தார் வரட்டும், கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்டார்.

வேறு யாரும் வரமாட்டார்கள், நீங்கள் ஆரம்பியுங்கள் என்றேன்.